ஒரு ஸ்வெட்டரில் ஐம்பதாயிரம் கண்ணிகள்: கைப்பின்னலும் நியாயமான உடையும்

போட்டிருக்கும் டிஷர்ட்டின் கீழ் ஓரத்தை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் குட்டிக் குட்டியாக 'வி' வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். உள்பக்கம் திருப்பினால் சிறு மேடுகள். அடுத்து ஒரு வேட்டியையோ பருத்திப் புடவையையோ அதேபோலப் பாருங்கள். அங்கே நூல்கள் நெடுக்கிலும் குறுக்கிலும் நேராக ஓடும். வேட்டி நெய்தது, டிஷர்ட் பின்னியது.

நெசவுக்கு நெடுக்கில் ஓடும் பாவு, குறுக்கில் ஓடும் ஊடை என்று இரண்டு வகை நூல் வேண்டும்; பாவை இழுத்துக் கட்ட தறியும் வேண்டும். பின்னலுக்கு ஒரே நூல் போதும். ஏற்கெனவே இருக்கிற கண்ணிக்குள், அதாவது நூல் வளையத்துக்குள், நூலை நுழைத்து இழுத்தால் புதுக் கண்ணி பிறக்கிறது, அதற்குள் இன்னொன்று. இரண்டு ஊசியும் ஒரு நூல்கண்டும் வைத்துக்கொண்டு செய்தாலும், ஆயிரக்கணக்கான ஊசிகள் கொண்ட வட்டப் பின்னல் இயந்திரத்தில் செய்தாலும் நடப்பது இதுதான். பனியன், சாக்ஸ், லெக்கிங்ஸ், ஸ்வெட்டர் எல்லாமே இந்தக் குடும்பம். நூல் வளைந்து வளைந்து கிடப்பதால் பின்னல் துணி இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும். உடம்போடு ஒட்டிக் கிடக்க வேண்டிய உடைகளை நெய்யாமல் பின்னுவது அதனால்தான்.

இதற்கும் நியாயமாக உடுத்துவதற்கும் என்ன சம்பந்தம்? பின்னல் பழகும் எவருக்கும் ஒரு கணக்கு புரியத் தொடங்கும். ஒரு உடையில் மனித உழைப்பு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்ற கணக்கு அது. நியாயமான உடை பற்றிய பேச்சில் பாதி, அந்த மணி நேரத்துக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்ற கேள்விதான்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். நடுத்தர உடம்புக்கு ஒரு முழுக்கை ஸ்வெட்டர். மார்புச் சுற்றளவு 100 செ.மீ., உயரம் 60 செ.மீ. நடுத்தரத் தடிமன் உள்ள கம்பளி நூல், 4.5 மி.மீ. ஊசி. இதில் 10 செ.மீ. அகலத்துக்குச் சுமார் 20 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரிசை வரும். சுற்றுக்கு 200 கண்ணி, உயரத்துக்கு 168 வரிசை, பெருக்கினால் 33,600. இரண்டு கைகளுக்கும் சேர்த்து இன்னொரு பதினைந்து, பதினாறாயிரம். ஆக மொத்தம் ஐம்பதாயிரம் கண்ணிக்குப் பக்கம். பழகிய கை நிமிடத்துக்கு 20 கண்ணி போடும் என்று வைத்தால் 2,500 நிமிடம், அதாவது ஏறக்குறைய 42 மணி நேரம். அவிழ்த்துத் திருத்துவது, ஓரம் கட்டுவது, துண்டுகளைச் சேர்ப்பது எல்லாம் இதில் சேர்த்தி இல்லை.

மணிக்கு 60 ரூபாய் என்று மிகக் குறைவாக வைத்தாலும் கூலி மட்டும் 2,500 ரூபாய் ஆகிறது. நூல் விலை தனி. அப்படியானால் 'கையால் பின்னியது' என்ற சீட்டோடு 700 ரூபாய்க்கு ஒரு ஸ்வெட்டர் தொங்கினால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. ஒன்று, அது கையால் பின்னியதே இல்லை. குளிர்காலத்தில் ஊர் ஊராக வரும் திபெத்தியர்களின் ஸ்வெட்டர் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி பஞ்சாபின் லூதியானாவில் இயந்திரத்தில் பின்னியது. அதில் தப்பு ஏதும் இல்லை, வாங்குகிறவர் தெரிந்து வாங்கினால் சரி. இன்னொன்று, உண்மையிலேயே கையால் பின்னியதுதான்; பின்னியவருக்கு அந்த 42 மணி நேரத்துக்குக் கூலி என்று சொல்லும்படி எதுவும் போய்ச் சேரவில்லை.

இரண்டாவது நிலைமைக்குப் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆந்திராவின் கோதாவரி கரையில் நர்சாபூர். அங்கே பெண்கள் ஒற்றைக் கொக்கி ஊசியால் குரோஷே லேஸ் பின்னுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக வந்த கலை, பின்பு பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970களின் கடைசியில் அங்கே போய் ஆய்வு செய்தார். உலகச் சந்தைக்குச் சரக்கு செய்துகொண்டிருந்த அந்தப் பெண்களை வியாபாரிகள் தொழிலாளிகளாகவே எண்ணவில்லை. 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது' என்பது அவர்கள் கணக்கு. கூலியோ வயல்வேலைக் கூலியைவிடவும் கீழே. வீட்டுக்குள் உட்கார்ந்து, அழகான ஒன்றை, கையால், ஒரு பெண் செய்கிறார் என்றதும் உழைப்பு கண்ணில் படாமல் போய்விடுகிறது. 'கைவினை' என்ற சொல்லைக் கேட்டதும் மனம் இளகுகிறவர்கள் (நானும் அந்தக் கட்சிதான்) இதை யோசிக்க வேண்டும்.

குரோஷே பற்றி இன்னொரு விஷயம். சாதாரணப் பின்னலுக்கு இயந்திரம் வந்து நானூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. குரோஷேயை அப்படியே செய்கிற இயந்திரம் இன்னும் கடைத்தெருவுக்கு வரவில்லை. பார்க்க அதுபோலவே இருக்கும் போலிகளை வேறு வகைப் பின்னல் இயந்திரத்தில் செய்கிறார்கள். ஆகவே உண்மையான குரோஷே மேலாடை ஒன்று ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தால், எங்கோ ஒருவர் அதைக் கொக்கி ஊசியால், ஒவ்வொரு முடிச்சாகப் போட்டிருக்கிறார். மீதிக் கணக்கை மேலே சொன்னபடி நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இயந்திரம் வந்த கதை

1589இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பக்கம் கால்வர்ட்டன் என்ற ஊரில் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகத்தைக் கண்டுபிடித்தார். எலிசபெத் ராணியிடம் காப்புரிமை கேட்டபோது, கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வயிற்றில் அடிக்கும் என்று சொல்லி அவர் மறுத்தார் என்பது வழிவழியாக வரும் கதை. காப்புரிமை கிடைக்காமலே அந்தச் சட்டகம் பரவியது. இரண்டு நூற்றாண்டில் நாட்டிங்ஹாம் வட்டாரமே அதை நம்பிப் பிழைத்தது.

1811இல் அதே வட்டாரத்தில் தொழிலாளர்கள் இரவில் புகுந்து சட்டகங்களை உடைக்கத் தொடங்கினார்கள். லுட்டைட்டுகள் என்று பெயர் பெற்றவர்கள் இவர்கள்தான். இன்று அந்தப் பெயரை 'புது இயந்திரம் என்றாலே பயப்படுகிறவர்' என்ற பொருளில் எறிகிறார்கள். அது அநியாயம். அவர்களே சட்டகத்தில் பின்னிச் சம்பாதித்தவர்கள். கூலிக் குறைப்பும் மட்டமான சரக்கும்தான் அவர்களைக் கொதிக்க வைத்தன. காலுறையை முழு வடிவமாகப் பின்னாமல், அகலமான துணியாகப் பின்னி, வெட்டி, ஒட்டுத் தையல் போட்டு மலிவாக விற்கும் வழக்கம் அப்போது பரவியது. அந்தத் தையல் சீக்கிரம் விட்டுப்போகும். தொழிலின் பெயரும் அதோடு போகும். அரசு கூலிப் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. 1812இல் சட்டகத்தை உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் கொண்டுவந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியும் பலன் இல்லை. மலிவான உடையின் விலையை யார் தருகிறார்கள் என்ற சண்டைக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது.

நம் பக்கத்துப் பின்னல்

தமிழ் வாசகருக்குப் பின்னல் என்றதும் கம்பளி நூலைவிட முதலில் நினைவுக்கு வரவேண்டியது திருப்பூர். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்குக் குறையாமல் அங்கிருந்து போகிறது. பனியன் துணியை இயந்திரம் மளமளவென்று பின்னித் தள்ளிவிடும். அதற்குப் பிறகுதான் ஆள்கணக்கு ஆரம்பிக்கிறது. வெட்ட ஒருவர், ஓவர்லாக் (வெட்டிய ஓரம் பிரியாமல் சேர்க்கும் தையல்) அடிக்க ஒருவர், பேட்லாக் (மடித்த ஓரத்தைத் தட்டையாகப் பிடிக்கும் தையல்) அடிக்க ஒருவர், பிசிறு வெட்ட ஒருவர், செக்கிங்குக்கு, அயர்னுக்கு, பேக்கிங்குக்கு என்று வரிசை நீள்கிறது. துணி வழுக்கும், நீளும், சுருளும். அதை நேராகப் பிடித்து ஊசிக்குள் தள்ள இன்றும் ஒரு மனிதக் கை வேண்டும். உலகில் விற்கிற அநேகமாக எந்த உடையையும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு ஆள் கையில் பிடித்துத்தான் தைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் அநேகமாக எல்லா உடையும் கைவேலைதான்.

அந்தக் கைகளுக்கு என்ன நேரலாம் என்பதை உலகம் 2013 ஏப்ரல் 24 அன்று பார்த்தது. வங்கதேசத்தில் டாக்காவை ஒட்டிய சாவரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகளில் மட்டும் ஆட்களை மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். 'என் உடையைத் தைத்தது யார்' என்ற கேள்வி உலகம் முழுக்கப் பரவியது இதற்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டுக் கதை வேறு விதம். பின்னலாடைக்கு நூல் தரும் நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. ஏழை வீட்டு இளம்பெண்களை மூன்று ஆண்டுக்கு விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குவார்கள். கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு உதவும் என்பது வாக்கு. நடுவில் விட்டுப் போனால் அந்தத் தொகை கிடைப்பது கஷ்டம். வெளியே போகக் கட்டுப்பாடு, நீண்ட ஷிப்ட், உடல்நலக் கேடு என்று புகார்கள் குவிந்தன. பெண்ணுக்குச் சேரவேண்டிய கூலியையே பிடித்துவைத்து, அதைப் பரிசு போலக் கடைசியில் நீட்டுவதற்கு மங்கலமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் அருகே ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் ஒருவர் கொலையானார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பாலியல் தொல்லை பற்றிப் பல காலமாக அடக்கிவைத்த புகார்கள் அதன்பின் வெளியே வந்தன. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022இல் அந்த நிறுவனத்தோடும் அங்கே சரக்கு வாங்கும் பன்னாட்டு பிராண்டுகளோடும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாட்டைக் கொண்டுவந்தது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று பெயர். சக தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று, தொல்லை நடந்தால் புகார் எழுப்பும் ஏற்பாடு அதில் இடம்பெற்றது. இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. நியாயமான உடை என்பது வாங்குகிறவரின் நல்ல மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பேசப்படுகிறது. நடைமுறையில் நிலைமையை அதிகம் மாற்றியது சங்கமும், கையெழுத்தான ஒப்பந்தமும், நீதிமன்றமும்.

நீதிமன்றத்துக்கு உதாரணம் நொய்யல். பருத்தியில் சாயம் பிடிக்க வேண்டுமானால் சாயத் தொட்டியில் உப்பை அள்ளிப் போட வேண்டும். உப்பு இருந்தால்தான் சாயம் தண்ணீரை விட்டு நூலில் போய் ஏறும். வேலை முடிந்ததும் அந்த உப்பு முழுக்கக் கழிவுநீரில் நிற்கும். சாயத்தின் நிறமாவது கண்ணுக்குத் தெரியும். உப்பு தெரியாது, வடிகட்டவும் எளிதில் வராது. திருப்பூர் சாயப்பட்டறைகளின் உப்பு நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்மடை கிணறுகளையும் தென்னைகளையும் கெடுத்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் தண்ணீரைத் திறக்காதே என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், சொட்டுக் கழிவும் வெளியேறாத ஏற்பாடு செய்யும்வரை பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடின. பிறகு திறந்தவை கழிவுநீரை சவ்வு வழியே வடித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரித்தெடுக்கின்றன. அதற்கு ஆகும் செலவும் சட்டையின் விலையில் சேர வேண்டியதுதான். பல வாங்குவோர் அதைத் தரத் தயாராக இல்லை என்பது அங்கே நெடுநாள் மனக்குறை.

எந்த நூல்?

பருத்தி நல்லது, செயற்கை கெட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட ஆசையாக இருக்கும். அவ்வளவு எளிதில்லை.

ஃபேன்ஸி ஸ்டோரில் 'உல்லன் நூல்' கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக். பெட்ரோலியத்திலிருந்து வருவது. மலிவு, பூச்சி அரிக்காது, துவைக்க எளிது. துவைக்கும்போது நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளை உதிர்ப்பது இதன் கெடுதல். இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் 2016இல் செய்த ஆய்வில், ஆறு கிலோ அக்ரிலிக் துணியை இயந்திரத்தில் ஒருமுறை துவைத்தால் ஏழு லட்சம் இழைகளுக்கு மேல் வெளியேறலாம் என்று கணக்கிட்டார்கள். ஆனால் பாட்டி பின்னிய அக்ரிலிக் ஸ்வெட்டர் ஒன்று பதினைந்து வருஷம் பெட்டியில் இருந்தால், அதைத் தூக்கி எறிந்துவிட்டு 'இயற்கை' ஸ்வெட்டர் வாங்குவதில் எந்தப் புண்ணியமும் இல்லை. அடிக்கடி துவைக்காமல், காற்றாட உலர்த்தி, தொடர்ந்து போடுங்கள்.

ஆட்டுக் கம்பளி இயற்கையானது, ஆண்டுதோறும் வளர்வது. அதிலும் கேள்வி உண்டு. மெரினோ ஆடுகளின் பின்புறத் தோல் மடிப்பில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்காமலிருக்க அந்தத் தோலையே வெட்டி எடுக்கும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. நியூசிலாந்து 2018இல் அதைத் தடை செய்தது. மெரினோ நூல் வாங்கும்போது அது எந்த நாட்டுக் கம்பளி என்று கேட்பது வீண் கேள்வி இல்லை. அங்கோரா முயலின் ரோமம் என்றால் நான் வாங்கமாட்டேன்; உயிரோடு பிடுங்கும் காட்சிகள் 2013இல் வெளியானபின் பல பெரிய பிராண்டுகளே விட்டுவிட்டன.

பருத்தி நம் வெயிலுக்கு ஏற்றது. கையால் பின்னும்போது மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும்: கம்பளி போல அதற்குத் துள்ளல் கிடையாது. பெரிய மேலாடையாகப் பின்னினால் தன் கனத்திலேயே தொங்கி நீளும். பை, குழந்தைத் தொப்பி, கைத்துணி போன்றவை பருத்தியில் நன்றாக வரும்.

முத்திரைகளை நம்பலாமா என்று கேட்பார்கள். ஒவ்வொரு முத்திரையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. உல்மார்க் என்றால் கம்பளியின் தரம். சில்க் மார்க் என்றால் அசல் பட்டு. ஹேண்ட்லூம் மார்க் என்றால் கைத்தறியில் நெய்தது. இவை எதுவும் கூலி பற்றிப் பேசுவதில்லை. உலக இயற்கை ஜவுளித் தரம் எனப்படும் 'காட்ஸ்' முத்திரை, இயற்கை வேளாண்மையில் விளைந்த இழை, சாயம், கழிவு, தொழிலாளர் நிலை எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கிறது. இருப்பதில் கொஞ்சம் பரந்தது அதுதான். விதி இருப்பதும் அது ஆலைக்குள் நடப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். 'பசுமை', 'சுற்றுச்சூழல் நேயம்' என்று வெறுமனே அச்சடித்திருந்தால் அதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது.

சரி, என்ன செய்யலாம்?

புதிதாக 'நியாயமான' அலமாரி ஒன்றை வாங்கி நிரப்புவது முதல் படி அல்ல. விற்கிறவர்களுக்கு வேண்டுமானால் அது முதல் படி. வீட்டில் ஏற்கெனவே இருப்பதை இன்னும் ஒரு வருஷம் கூடுதலாகப் போடுவதுதான் செலவில்லாத, நிச்சயமாகப் பலன் தரும் வழி. அந்த உடைக்கான தண்ணீரும் உப்பும் உழைப்பும் ஏற்கெனவே செலவாகிவிட்டன.

பின்னல் உடை நீண்டு உழைக்கச் சில பழக்கங்கள் போதும். ஸ்வெட்டரை ஹேங்கரில் மாட்டாதீர்கள், தோள் இழுபட்டுக் கூம்பும், மடித்து வையுங்கள். துவைத்தபின் முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, பாயில் விரித்து நிழலில் காயவையுங்கள். கண்ணி அறுந்தது தெரிந்தால் அன்றைக்கே அதில் ஒரு நூலைக் கோத்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பிரிசல் கண்ணி கண்ணியாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். ஓட்டை பெரிதாகிவிட்டால் 'டார்னிங்' (ஓட்டையை நூல் ஓட்டி அடைப்பது) என்று போர்டு தொங்கும் கடையில் கொடுக்கலாம். பல ஊர்களில் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள்.

போடவே முடியாத பழைய ஸ்வெட்டரிலிருந்து நூலை மீட்கலாம். பக்கத் தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓரம் வெட்டுப்படாமல் கண்ணிகள் முழுசாக இருந்தால், அது வடிவமாகவே பின்னிச் சேர்த்தது. தையலைப் பிரித்து, மேல் நுனியிலிருந்து இழுத்தால் நீளமான நூலாக வரும். அதைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டி, நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் நிமிரும். ஓரம் வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் ஆசைப்படாதீர்கள். வரிசைக்கு வரிசை அறுந்த துண்டு நூல்தான் மிஞ்சும். அதை அப்படியே தலையணைக்குள் அடைக்கலாம்.

வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: யார் பின்னியது, எத்தனை நாள் ஆனது, அவருக்கு என்ன கிடைத்தது. கைவேலை விற்கும் நேர்மையான ஆள் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மழுப்பினால் புரிந்துகொள்ளலாம். உங்களுக்குத் தெரிந்த அக்காவிடமே ஸ்வெட்டர் பின்னித் தரச் சொல்கிறீர்கள் என்றால், 'நூல் காசு மட்டும் தர்றேன்' என்று ஆரம்பிக்க வேண்டாம். மேலே இருக்கிற 42 மணி நேரக் கணக்கை முதலில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நீங்களே பின்னிப் பார்க்க நினைத்தால் ஸ்வெட்டரில் தொடங்காதீர்கள். 4 மி.மீ. மூங்கில் ஊசி ஒரு ஜோடி, கொஞ்சம் தடித்த பருத்தி நூல் 50 கிராம் போதும். உலோக ஊசியில் கண்ணி வழுக்கி விழும், மூங்கிலில் நிற்கும். 30 கண்ணி ஏற்றிக்கொள்ளுங்கள். ஊசியைக் கண்ணிக்குள் நுழை, நூலைச் சுற்று, சுற்றிய நூலை வெளியே இழு, பழைய கண்ணியை ஊசியிலிருந்து விடு. ஒவ்வொரு வரிசையும் இதே நாலு அசைவுதான். நீளமும் அகலமும் சமமாகிறவரை பின்னி முடித்துவிடுங்கள். முதலாவது கோணலாக வரும், ஓரம் ஒரு பக்கம் அகலும். நடுவில் எங்கோ ஒரு கண்ணி கூடியிருக்கும். பாத்திரம் துடைக்க அதுவே தாராளம்.